செல்லுல அடிச்சது எங்க போச்சு? வாசகர் கேள்வி பதில்

இந்த தடவை வந்த கேள்விகளை பிரிச்சு பாத்தா பாதிக்கு மேல ஒரே சமாச்சாரம். டேபிள்லயே நேரா எடிட் பண்ற மாதிரி ஸ்க்ரீன் வேணும் (டேபிள்ல ஒரு கட்டம்தான் செல், போன் இல்ல), எந்த காம்போனென்ட் (ஆப்ல சேத்துக்கற ரெடிமேட் பாகம்) எடுக்கறது, எடுத்தப்புறம் அது ஏன் இந்த பாடு படுத்துது. மத்த கேள்வியெல்லாம் அடுத்த இதழுக்கு தள்ளிட்டேன், கோச்சுக்காதீங்க.

கேள்வி: வெப் ஆப்ல எடிட் பண்ற டேபிள் ஒண்ணு வேணும். தேடினா ஏஜி கிரிட், டாபுலேட்டர், ஹேண்ட்ஸான்டேபிள், டான்ஸ்டாக்னு லிஸ்ட் நீளுது. எல்லாமே லட்சம் வரி தாங்கும்ங்கறாங்க. எதை எடுக்க?

பதில்: லட்சம் வரி கதையை முதல்ல ஓரமா வைங்க. ஸ்க்ரீன்ல தெரியுற முப்பது நாப்பது வரிக்கு மட்டும் எலிமென்ட் போட்டு, ஸ்க்ரோல் ஆக ஆக புதுசை போட்டு பழசை கழட்டுற வித்தை இன்னிக்கு உருப்படியான கிரிட் (எடிட் பண்ற டேபிள் காம்போனென்ட்) எல்லாத்துலயும் இருக்கு (டான்ஸ்டாக்ல மட்டும் அதுக்கு தனி லைப்ரரி, அதாவது யாரோ எழுதி வச்ச கோடு தொகுப்பு, சேத்துக்கணும்). அது இல்லாம 10,000 வரி, 20 காலம்னு கொட்டினா 2,00,000 செல், ப்ரவுசருக்கு மூச்சு முட்டும், உண்மைதான். ஆனா அது பாக்குற டேபிளோட கவலை. நீங்க கேக்கறது எழுதுற டேபிள். (காலம்னு நான் எழுதுறப்பல்லாம் மேலேர்ந்து கீழ போற நெடுவரிசையை சொல்றேன், கடிகாரத்துல ஓடுற காலத்தை இல்ல.)

எழுதுற டேபிளுக்கு நான் முதல்ல பாக்குறது யூசரோட கை எங்க இருக்குங்கறதை. ஒரு நாளைக்கு ரெண்டு தடவை வந்து ஒரு வரியில போன் நம்பரை மாத்திட்டு போறவரா? அவருக்கு கிரிட்டே வேண்டாம், சாதா டேபிள் போடுங்க, வரிக்கு பக்கத்துல ஒரு எடிட் பட்டன், அமுக்கினா ஃபார்ம் தொறக்கட்டும், எல்லாருக்கும் நிம்மதி. இதை சொன்னா நிறைய பேருக்கு முகம் சுருங்குது, கிரிட் இருந்தாதான் பெரிய ஆப் மாதிரி தெரியும்னு ஒரு நெனப்பு. காலையில உக்காந்தா சாயங்காலம் வரைக்கும் மவுஸை தொடாம டேப், என்டர், டேப், என்டர்னு தட்டிட்டே இருக்கறவரா? அவருக்குதான் கிரிட், ஏஜி கிரிட் டாபுலேட்டர் ரெண்டுமே இதுக்கு தாங்கும். எக்செல்லேர்ந்து முன்னூறு வரியை காப்பி பண்ணி இங்க கொண்டு வந்து ஒட்டுறவரா? அவருக்கு ஸ்ப்ரெட்ஷீட் ரகம் வேணும், ஹேண்ட்ஸான்டேபிள், ஜேஸ்ப்ரெட்ஷீட் மாதிரி. டான்ஸ்டாக் இந்த மூணுலயும் சேராது, அது கணக்கு மட்டும் போட்டு குடுக்கும், சார்ட் (வரிசைப்படுத்துறது), ஃபில்டர் எல்லாம் பாத்துக்கும், ஆனா கண்ணுக்கு தெரியுற டேபிளை, எடிட்டரை, கீபோர்டு நகர்வை எல்லாம் நீங்கதான் கட்டணும். டிசைனர் ரொம்ப பிடிவாதக்காரரா இருந்தா அது நல்லது, டெட்லைன் பிடிவாதமா இருந்தா வேண்டாம்.

லைசென்ஸை கடைசியில பாக்காதீங்க. டாபுலேட்டரும் டான்ஸ்டாக்கும் எம்ஐடி, அதாவது காசில்லாம வியாபாரத்துக்கும் வச்சுக்கலாம்ங்கற லைசென்ஸ். ஏஜி கிரிட்ல கம்யூனிட்டி எடிஷன் எம்ஐடிதான், செல் எடிட்டிங் அதுலயே இருக்கு, ஆனா பல செல்லை இழுத்து செலக்ட் பண்ணி மொத்தமா காப்பி பேஸ்ட் பண்றதெல்லாம் காசு குடுக்கிற என்டர்ப்ரைஸ் பக்கம். ஹேண்ட்ஸான்டேபிள் 2019-ல 7-வது வெர்ஷன்லேர்ந்து எம்ஐடி இல்ல, வியாபார உபயோகத்துக்கு லைசென்ஸ் வாங்கணும், அதுக்கு முன்னாடி வந்த கட்டுரையை படிச்சுட்டு ஃப்ரீனு முடிவு பண்ணிடாதீங்க.

முடிவு பண்றதுக்கு முன்னாடி டெமோவை ஒரு அரை மணி நேரம் குடைஞ்சு பாருங்க. செல்லை செலக்ட் பண்ணி நேரா டைப் பண்ணுங்க, பழசு அழிஞ்சு புதுசு வரணும், அம்புக்குறி அமுக்கினா பக்கத்து செல்லுக்கு போகணும். அப்புறம் எஃப்2 அமுக்கி உள்ள போங்க, இப்போ அதே அம்புக்குறி எழுத்துக்கு நடுவுலதான் நகரணும், செல்லை விட்டு ஓடக்கூடாது. எக்செல்ல இது ரெண்டும் வேற வேற மோட், யூசரை கேட்டா அப்படி ஒண்ணு இருக்கறதே தெரியாதும்பார், ஆனா அவர் விரலுக்கு தெரியும், மாறி நடந்தா "இது சரியில்ல"னு மட்டும் சொல்வார், ஏன்னு சொல்லத் தெரியாது. எஸ்கேப் அடிச்சா பழைய வேல்யூ திரும்பி வரணும். எக்செல்லேர்ந்து ஒட்டி பாருங்க, க்ளிப்போர்டுல வர்றது டேப் வச்சு பிரிச்ச டெக்ஸ்ட், கடைசியில ஒரு நியூலைன் வால் மாதிரி தொங்கும், அதை கவனிக்காத காம்போனென்ட் கீழ ஒரு காலி வரியை சேத்துடும். செல்லுக்குள்ள ஆல்ட் என்டர் போட்டு ரெண்டு வரியா எழுதியிருந்தா அந்த செல்லை எக்செல் டபுள் கோட்ஸ் சுத்தி அனுப்பும், டேபையும் நியூலைனையும் வச்சு சும்மா ஸ்ப்ளிட் பண்ற கோடு அங்க தடுமாறி விழும். எந்த காம்போனென்ட் விழலைனு பாருங்க, எடுக்க வேண்டியது அதைத்தான்.

கேள்வி: லைப்ரரியே வேண்டாம்னு டேபிளோட ஒவ்வொரு செல்லுக்கும் கன்டென்ட்எடிட்டபிள் (அந்த இடத்துலயே டைப் பண்ண விடுற எச்டிஎம்எல் குறிப்பு) போட்டுட்டேன். அழகா வேலை செய்யுது. இதுல என்ன தப்பு?

பதில்: தப்புனு இல்ல, சின்ன டேபிளுக்கு ஓடும். வேற எங்கேர்ந்தாவது ஒரு வாக்கியத்தை காப்பி பண்ணி அதுல ஒட்டி பாருங்க, எழுத்து சைஸ், கலர், லிங்க் எல்லாம் சேர்ந்து குடும்பத்தோட வந்து இறங்கும். என்டர் அடிச்சா செல்லுக்குள்ள புது வரி உடையும். இன்புட்டுல (டைப் பண்ற பெட்டி) இருக்கற மாதிரி சேஞ்ச் ஈவென்ட், அதாவது மாறிச்சுனு சொல்ற சேதி, இதுல கிடையாது, அதனால மாறிச்சா இல்லையானு நீங்களே உள்ள வரப்ப ஒரு காப்பி வச்சுட்டு வெளிய போறப்ப ஒப்பிட்டு பாக்கணும். ப்ளெயின்டெக்ஸ்ட்-ஒன்லினு அதுக்கு ஒரு வேல்யூ குடுக்கலாம், 2025-லேர்ந்து முக்கியமான ப்ரவுசர் எல்லாத்துலயும் இருக்கு, பேஸ்ட் தொல்லை அதுல தீரும். ஆனா நான்னா சும்மா இருக்கறப்ப வெறும் டெக்ஸ்ட் காட்டிட்டு, டபுள் க்ளிக் பண்ணினா அந்த ஒரு செல்லுக்குள்ள மட்டும் இன்புட்டை வச்சு, முடிஞ்சதும் எடுத்துடுவேன். கிரிட் லைப்ரரியெல்லாம் உள்ள பண்றதும் இதுதான்.

கேள்வி: ஜாவா ஸ்விங்ல (டெஸ்க்டாப் ஸ்க்ரீன் கட்டுற லைப்ரரி) ஜேடேபிள்ங்கற டேபிள் வச்சு ஒரு என்ட்ரி ஸ்க்ரீன். யூசர் அளவை மாத்திட்டு சேவ் க்ளிக் பண்றார், சேவ் ஆச்சுனு மெசேஜும் வருது. திரும்ப தொறந்தா கடைசியா மாத்தின செல் மட்டும் பழசாவே இருக்கு. என் மெஷின்ல வரவே மாட்டேங்குது. பைத்தியம் பிடிக்குது.

பதில்: உங்க மெஷின்ல வராததுக்கு காரணம் உங்க கை. டைப் பண்ணி முடிச்சதும் உங்க விரல் தானா என்டர் அடிக்குது, அவர் விரல் அடிக்கல, நேரா மவுஸை எடுத்து சேவுக்கு போகுது. எனக்கு இது எப்படி தெரியும்னா நானும் இதே குழியில விழுந்தவன். ஸ்டாக் என்ட்ரி மாதிரி ஒரு ப்ரோகிராம், எழுதி குடுத்து ஒரு மாசம் ஓடினப்புறம் கம்ப்ளெயின்ட் ஆரம்பிச்சுது, கடைசி வரி எப்பவும் தப்பு, கடைசி வரி எப்பவும் தப்புனு. நான் நெட்வொர்க்கை சந்தேகப்பட்டேன், டேட்டாபேஸ் கமிட்டை நோண்டினேன், லாக் (நடந்ததை எழுதி வைக்கிற குறிப்பு) மேல லாக் போட்டேன், லாக்ல எல்லாம் ஒழுங்கா பழைய நம்பர் ஒழுங்கா சேவ் ஆகிட்டு இருந்துச்சு. ரெண்டு வாரம் கழிச்சு அந்த யூசருக்கு பின்னாடி போய் நின்னு பாத்தேன், ஒரு நிமிஷத்துல தெரிஞ்சுபோச்சு.

நடக்கறது இது. செல்லுல 45 இருக்கு. அது வெறும் படம், ரெண்டரர்னு ஒருத்தர் மாடல்ல, அதாவது நிஜ டேட்டா இருக்கற இடத்துல, இருக்கற நம்பரை பாத்து வரைஞ்சு வச்சது. யூசர் டபுள் க்ளிக் பண்றார், அந்த இடத்துல எடிட்டர்னு இன்னொருத்தர், சின்ன டெக்ஸ்ட் பாக்ஸ், வந்து உக்காருவார், 45-ஐ தன் பைக்குள்ள போட்டுப்பார். யூசர் அதை 54-னு மாத்தறார். ஸ்க்ரீன்ல 54 தெரியுது, ஆனா அது எடிட்டர் பையில இருக்கு, மாடல்ல இன்னும் 45. என்டரோ டேபோ அடிச்சா எடிட்டர் பையை மாடல்கிட்ட குடுத்துட்டு எந்திரிச்சு போவார், அப்போதான் மாடல்ல எழுதுற செட்வேல்யூஅட் ஓடும். சேவ் பட்டன் டேபிளுக்கு வெளிய இருக்கு, அதை க்ளிக் பண்ணினா ஜேடேபிள் சும்மா விட்டா எடிட்டரை எழுப்பாது. உங்க சேவ் கோடு கெட்வேல்யூஅட்னு மாடலை கேக்குது, மாடல் 45-ங்குது. யாரும் பொய் சொல்லல.

மருந்து, சேவ் மெதடோட முதல் வரியிலயே டேபிள் எடிட்டிங்ல இருக்கானு கேட்டு, இருந்தா எடிட்டரோட ஸ்டாப்செல்எடிட்டிங்கை கூப்பிடுங்க. அது ட்ரூ ஃபால்ஸ் திருப்பி தரும், ஃபால்ஸ்னா உள்ள இருக்கறது செல்லாத வேல்யூ, அங்கயே நின்னுடணும், சேவுக்கு போகக்கூடாது. டெர்மினேட்எடிட்ஆன்ஃபோகஸ்லாஸ்ட்னு ஒரு ப்ராப்பர்ட்டியை ட்ரூனு வைங்கனு நிறைய பேர் ஒரே வரியில பதில் சொல்வாங்க, அதுவும் வேலை செய்யும், ஆனா அதுல ஒரு உள்குத்து இருக்கு: வேல்யூ செல்லாததா இருந்தா அது சத்தம் போடாம எடிட்டை கேன்சல் பண்ணிடும், யூசர் அடிச்சது காத்துல போயிடும். அதனால என் ஓட்டு முதல் வழிக்கு.

இது ஸ்விங்கோட வியாதி மட்டும்னு நெனைக்காதீங்க. ஏஜி கிரிட்லயும் வெளிய க்ளிக் பண்ணினா எடிட் தானா முடியாது, ஸ்டாப்எடிட்டிங்வென்செல்ஸ்லூஸ்ஃபோகஸ்னு ஒரு ஆப்ஷன், பேரே ஒரு முழு வாக்கியம், அதை ஆன் பண்ணணும். டாட்நெட் வின்ஃபார்ம்ஸ்ல டேட்டாகிரிட்வியூ செக்பாக்ஸ் காலம் வச்சவங்களுக்கு இதோட தம்பி தெரியும்: டிக் போட்டா கண்ணுக்கு டிக் தெரியுது, வேல்யூ மாறிச்சுனு சொல்ற செல்வேல்யூசேஞ்ச்டு ஈவென்ட் ஓடாது, அந்த செல்லை விட்டு வேற செல்லுக்கு போனாதான் ஓடும், அதனால டோட்டல் எப்பவும் ஒரு டிக் பின்னாடியே வரும். கரண்ட்செல்டர்ட்டிஸ்டேட்சேஞ்ச்டுங்கற ஈவென்ட்ல கமிட்எடிட்டை (மாத்தத்தை டேட்டாவுல எழுத வைக்கும்) கூப்பிட்டா சரியாயிடும். டெக்ஸ்ட் செல்லுக்கு மட்டும் அதை பண்ணிடாதீங்க, ஒவ்வொரு எழுத்துக்கும் கமிட் ஆகி, பாதி அடிச்ச நம்பரை வேலிடேஷன் திட்டும்.

கேள்வி: பேர் வரிசைப்படி சார்ட் பண்ணிட்டு மூணாவது வரியை டெலீட் பண்ணினா வேற யாரோ காணாம போறாங்க.

பதில்: ஸ்க்ரீன்ல மூணாவதா தெரியுறவர் டேட்டாவுல மூணாவது ஆள் இல்ல. சார்ட் பண்றப்ப பெரும்பாலான காம்போனென்ட் டேட்டாவை கலைக்காது, பாக்குற வரிசையை மட்டும்தான் மாத்தும். ஜேடேபிள்ல கெட்செலக்டட்ரோ குடுக்கறது கண்ணுக்கு தெரியுற நம்பர், அதை கன்வெர்ட்ரோஇண்டெக்ஸ்டுமாடல் வழியா மாத்திட்டுதான் மாடல் பக்கம் போகணும். சார்ட் பண்ணாதவரைக்கும் ரெண்டு நம்பரும் ஒண்ணாவே இருக்கும், அதனால டெஸ்டிங்ல தப்பிச்சுடும். ரியாக்ட்ல (ஸ்க்ரீன் கட்டுற ஜாவாஸ்க்ரிப்ட் லைப்ரரி) இதே கதை வேற வேஷம், வரிக்கு கீ (அடையாளம்) குடுக்கறப்ப இண்டெக்ஸை (வரிசை எண்ணை) குடுத்துட்டா நடுவுல ஒரு வரியை எடுத்ததும் இன்புட்ல அடிச்சு வச்சது பக்கத்து வரிக்கு தாவிடும். க்யூட்டி (ஸ்க்ரீன் கட்டுற இன்னொரு லைப்ரரி) பக்கம் க்யூடேபிள்விட்ஜெட்ல சார்ட்டிங்கை ஆன் பண்ணி வச்சுட்டு லூப்ல டேட்டா நிரப்பினா இன்னும் வேடிக்கை, முதல் செல்லை போட்டதுமே அந்த வரி சார்ட் ஆகி வேற இடத்துக்கு ஓடிடும், ரெண்டாவது செல் யாரோட வரியிலயோ போய் உக்காரும், அதனால நிரப்பி முடிச்சுட்டு ஆன் பண்ணுங்க. எங்க இருந்தாலும் சரி, ஒவ்வொரு வரிக்கும் மாறாத ஒரு ஐடி குடுத்து, எடிட்டோ டெலீட்டோ அந்த ஐடியை வச்சே பேசுங்க. வரி நம்பரை நம்பாதீங்க.

கேள்வி: எங்க ஆப்ல செல்லுக்குள்ள தமிழ்ல அடிக்கணும். வார்த்தை முடியறதுக்குள்ள அடுத்த செல்லுக்கு தாவுது, சில சமயம் முதல் எழுத்தையே முழுங்குது. இங்கிலீஷ்ல எந்த பிரச்சனையும் இல்ல. அப்புறம் சார்ட் பண்ணினா வரிசையும் தப்பு.

பதில்: வாங்க, இந்த கேள்விக்காகத்தான் காத்துட்டு இருந்தேன். மூணு தனித்தனி வியாதி இது.

தாவுறது முதல்ல. ஒலிப்பு முறையில, அதாவது இங்கிலீஷ் எழுத்தை அடிச்சா தமிழ் வார்த்தைகள் பரிந்துரையா வந்து நிக்கற கீபோர்டுல, வார்த்தையை உறுதி பண்றதுக்கு யூசர் என்டர் அடிப்பார். அந்த என்டர் கீபோர்டுக்கு சொன்னது, டேபிளுக்கு சொன்னது இல்ல. உங்க கீடவுன் (கீ அமுக்கினதும் ஓடுற) கோடு அதை ஒட்டுக்கேட்டுட்டு "ஓ முடிஞ்சுதா, அடுத்த செல்லுக்கு போ"னு கிளம்பிடுது. கீடவுன்ல நுழைஞ்ச உடனே ஈவென்ட்டோட இஸ்கம்போஸிங் (எழுத்து இன்னும் சேந்துட்டு இருக்கா) ட்ரூவானு பாருங்க, ட்ரூன்னா ஒண்ணும் பண்ணாம திரும்பிடுங்க. சஃபாரியில மட்டும் வரிசை மாறி, கம்போஸிஷன்எண்ட் (எழுத்து சேந்து முடிஞ்சுதுங்கற ஈவென்ட்) முதல்ல வந்துடும், கீடவுன் வரப்ப இஸ்கம்போஸிங் ஃபால்ஸ்னு சொல்லும், அதனால கீகோடு 229-ஆ இருக்கானும் சேத்து பாருங்க. தமிழ்99 லேஅவுட்ல நேரா அடிக்கிற சிஸ்டத்துல இந்த பிரச்சனை பெரும்பாலும் தலைகாட்டாது, டெஸ்ட் பண்றவர் அப்படி அடிக்கிறவரா இருந்தா எல்லாம் சரியா இருக்குனு சர்டிஃபிகேட் குடுத்துடுவார்.

முதல் எழுத்தை முழுங்குறது, செலக்ட் ஆன செல்லுல நேரா டைப் பண்ண ஆரம்பிக்கறப்ப. அந்த நேரத்துல ஃபோகஸ்ல (டைப் பண்றது போய் சேர்ற இடத்துல) இருக்கறது இன்புட் இல்ல, வெறும் செல். முதல் கீயை பாத்துட்டுதான் கிரிட் எடிட்டரை கொண்டு வரும். இங்கிலீஷ்னா அந்த ஒரு எழுத்தை எடுத்து எடிட்டர்ல போட்டுடலாம், தமிழ் கீபோர்டு அங்க எழுத்து சேக்கவே ஆரம்பிக்க முடியாது, சேக்கறதுக்கு டெக்ஸ்ட் பாக்ஸ் வேணுமே. கண்ணுக்கு தெரியாத ஒரு டெக்ஸ்ட்ஏரியாவை எப்பவும் ஃபோகஸ்லயே வச்சிருக்கற கிரிட்கள் இதுல தப்பிக்கும். காம்போனென்ட் எடுக்கறப்பவே "அம்மா"னு அடிச்சு பாத்துடுங்க, "ம்மா"னு வந்தா வேற கடை பாருங்க.

சார்ட். ஜாவாஸ்க்ரிப்ட்ல சும்மா சார்ட்னு கூப்பிட்டா யூனிகோட் நம்பர் வரிசையில அடுக்கும், அந்த வரிசை நாம படிச்ச அரிச்சுவடி வரிசை இல்ல. யூனிகோட்ல ன, ப-வுக்கு முன்னாடியே வந்துடும், ற போய் ர-வுக்கு பக்கத்துல நிக்கும், ளவும் ழவும் வ-வை முந்திக்கும். அதனால கவி, களம்னு வரவேண்டியது களம், கவினு வரும், பழம் பள்ளத்துக்கு கீழ போயிடும். இன்டில் கொலேட்டர்ல (மொழிக்கேத்த வரிசையில ஒப்பிடுற ஜாவாஸ்க்ரிப்ட் வசதி) மொழிக்கு தமிழ்னு குடுத்து ஒப்பிடுங்க, அகராதி வரிசை வந்துடும். கிரிட் லைப்ரரி எல்லாத்துலயும் காலத்துக்கு சொந்தமா ஒரு ஒப்பிடுற ஃபங்ஷன் குடுக்க இடம் இருக்கும், அங்க இதை வைங்க.

கேக்காத ஒண்ணும் சொல்றேன். கொ-வை ரெண்டு விதமா சேமிக்கலாம், க கூட ஒரே ஒகரக்குறி, இல்ல க, அப்புறம் எகரக்குறி, அப்புறம் கால். கண்ணுக்கு ரெண்டும் ஒண்ணு, கம்ப்யூட்டருக்கு வேற வேற, தேடினா கிடைக்காது. கமிட் ஆகுற இடத்துல நார்மலைஸ்னு ஒரு வார்த்தை, என்எஃப்சி வடிவத்துல (பிரிஞ்சதை ஒரே குறியா சேக்கற வடிவம்), போட்டுட்டீங்கனா தீர்ந்துச்சு. (ஔ-வுக்கு பதிலா ஒ, ள ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல அடிச்சு வைக்கிறவங்களை எந்த நார்மலைஸும் காப்பாத்தாது.) அப்படியே எழுத்து எண்ணிக்கைக்கு லிமிட் வச்சிருந்தா அதையும் பாருங்க, "தமிழ்"ங்கறது நமக்கு மூணு எழுத்து, ஜாவாஸ்க்ரிப்ட் லெங்த் 5 சொல்லும், புள்ளியும் கொக்கியும் தனித்தனி கணக்கு.

கேள்வி: கூகுள் ஷீட்டையே டேபிளா வச்சு ஆப்ஸ் ஸ்க்ரிப்ட் எழுதியிருக்கேன். ஆன்எடிட்ல (செல் மாறினா தானா ஓடுற ஃபங்ஷன்) பக்கத்து செல்லுல தேதி போடுற மாதிரி. ஒண்ணொண்ணா அடிச்சா வருது, பத்து வரியை பேஸ்ட் பண்ணினா வரல.

பதில்: நீங்க ஈ டாட் வேல்யூவை பாத்து முடிவு பண்றீங்க. அது ஒரே ஒரு செல் மாறினாதான் இருக்கும், பல செல் மாறினா காலி. ஈ டாட் ரேஞ்சை எடுங்க, எந்த வரியில ஆரம்பிச்சு எத்தனை வரினு அதுக்கிட்ட கேளுங்க, கெட்வேல்யூஸ்ல மொத்தமா வாங்கி, தேதி லிஸ்டை தயார் பண்ணி, செட்வேல்யூஸ்ல ஒரே தடவையா எழுதுங்க. லூப் போட்டு ஒவ்வொரு செல்லுக்கும் செட்வேல்யூ கூப்பிட்டீங்கனா ஒவ்வொண்ணும் தனி பயணம், ஆன்எடிட் மாதிரி சிம்பிள் ட்ரிகருக்கு மொத்தமே 30 செகண்ட்தான். ஸ்க்ரிப்ட் எழுதுற மாற்றத்துக்கு ஆன்எடிட் திரும்ப ஓடாது, அதனால தன் வாலை தானே துரத்துமோனு பயப்பட வேண்டாம். அதே காரணத்தால வெளியேர்ந்து ஏபிஐ (வேற ப்ரோகிராம் பேசுற வழி) வழியா வர்ற மாற்றத்துக்கும் தேதி விழாது. மெயில் அனுப்பணும்னா சிம்பிள் ட்ரிகர்ல நடக்காது, அனுமதி கேக்கற வேலையெல்லாம் நீங்களே அனுமதி குடுத்து அமைக்கிற இன்ஸ்டாலபிள் ட்ரிகருக்கு.

கேள்வி: செல்லுல யூசர் அடிக்கிறதை பாத்து அது நம்பரா தேதியா டெக்ஸ்டானு ஆப்பே கண்டுபிடிச்சுக்கற மாதிரி ஸ்க்ரிப்ட் எழுதலாமா? ஸ்மார்ட்டா இருக்குமே.

பதில்: வேண்டாம். இந்த ஸ்மார்ட் வேலையால மனுஷ ஜீனுங்களுக்கே பேர் மாத்த வேண்டி வந்துச்சு தெரியுமா? மார்ச்1, செப்ட்1னு இருந்த ஜீன் பேரையெல்லாம் எக்செல் தேதினு நெனச்சு மாத்திட்டே இருந்துச்சு, ஆராய்ச்சி கட்டுரைகளோட இணைப்பு டேபிள்கள்ல எல்லாம் இந்த தப்பு ஏறிடுச்சு, கடைசியில ஜீன்களுக்கு பேர் வைக்கிற குழுவே இறங்கி வந்து மார்ச்எஃப்1, செப்டின்1னு மாத்திட்டாங்க, 2020-ல வந்த அவங்க வழிகாட்டுதல்ல இதை எழுதியும் வச்சிருக்காங்க. டைப் (நம்பரா டெக்ஸ்டாங்கற வகை) காலத்தோட சொத்து, செல்லோட சொத்து இல்ல. காலத்தை உருவாக்கறப்பவே இது டெக்ஸ்ட், இது நம்பர்னு எழுதிடுங்க. போன் நம்பர், அக்கவுண்ட் நம்பர் எல்லாம் பேர்லதான் நம்பர், அதை கூட்டவோ கழிக்கவோ போறதில்லையே, டெக்ஸ்டா வைங்க, முன்னாடி இருக்கற பூஜ்யம் பிழைக்கும். எக்செல் 15 இலக்கத்துக்கு மேல பூஜ்யமாக்கிடும், ஜாவாஸ்க்ரிப்ட் 9007199254740991-க்கு மேல முழு எண்ணுக்கு உத்தரவாதம் தராது, 16 இலக்க நம்பரை நம்பரா வாங்கினா கடைசி இலக்கம் உங்க அதிர்ஷ்டம்.

தேதிக்கு ஒரு வார்த்தை. யூடிசிக்கு (உலக பொது நேரம்) முன்னாடி ஓடுற நேர மண்டலத்துல உக்காந்து, மார்ச் 5 நள்ளிரவுனு உள்ளூர் நேரத்துல ஒரு டேட் உருவாக்கி, டூஐஎஸ்ஓஸ்ட்ரிங் (யூடிசிக்கு மாத்தி டெக்ஸ்டாக்கும்) போட்டு சேவ் பண்ணினீங்கனா மார்ச் 4-னு போய் விழும். வெறும் தேதினா வருஷம் மாசம் நாள்னு டெக்ஸ்டாவே அனுப்புங்க.

கேள்வி: தப்பான வேல்யூ அடிச்சா அந்த செல்லை விட்டு நகரவே விடக்கூடாதுங்கறார் எங்க மேனேஜர். சரியா?

பதில்: அவரை ஒரு நாள் அந்த ஸ்க்ரீன்ல உக்கார வைங்க. சரியான வேல்யூவை தேட வேற வரிக்கு போகணும்னா கூட போக முடியாம மாட்டிட்டு இருப்பார். செல்லை சிவப்பாக்குங்க, காரணத்தை எழுதுங்க, நகர விடுங்க, சேவ்ல பிடிங்க. அடிச்ச தப்பான எழுத்தை மட்டும் அழிச்சுடாதீங்க, யூசருக்கு தான் என்ன அடிச்சோம்னு பாத்தாதான் திருத்த முடியும்.

கேள்வி: ரெண்டு பேர் ஒரே வரியை தொறந்து வச்சு எடிட் பண்ணினா கடைசியா சேவ் பண்றவர் முன்னவரோட மாத்தத்தை அழிச்சுடறார். வரியை பூட்டி லாக் போடலாமா?

பதில்: லாக் போட்டா ஒருத்தர் தொறந்து வச்சுட்டு சாப்பிட போயிடுவார், மத்தவங்க காத்துட்டு இருக்கணும். முதல் வேலையா, சேவ் பண்றப்ப முழு வரியையும் அனுப்பாதீங்க, மாறின செல்லை மட்டும் அனுப்புங்க. ஒருத்தர் முகவரியையும் இன்னொருத்தர் அளவையும் மாத்தினா மோதலே இல்ல, முழு வரியை அனுப்புறதாலதான் நீங்களே மோதலை உண்டாக்கறீங்க. இதுலயே பாதி சண்டை தீந்துடும். மிச்சத்துக்கு வரிக்கு ஒரு வெர்ஷன் நம்பர், படிக்கறப்ப 7-னு வாங்கினா சேவ் பண்றப்பவும் "7-ஆ இருந்தா மட்டும் மாத்து"னு அப்டேட்டோட கண்டிஷன்ல சொல்லுங்க, பூஜ்யம் வரி மாறிச்சுனு பதில் வந்தா யாரோ முந்திட்டாங்க. எச்டிடிபியில (ப்ரவுசரும் சர்வரும் பேசுற முறை) ஈடேக், இஃப்-மேட்ச்னு இதுக்கே ஹெடர் இருக்கு, பொருந்தலைனா சர்வர் 412-னு பதில் தரும். (அந்த வெர்ஷன் வரி முழுசுக்குமா செல்லுக்குனு தனியாவானு முடிவு பண்ணிக்கோங்க, வரிக்கு ஒண்ணுனா முகவரி மாறினதுக்கும் அளவு சேவ் தடுக்கும், அப்போ மாறின செல் இதுதானானு பாத்துட்டு தானா மறுபடி முயற்சி பண்ற கோடு எழுதணும்.) நிஜமாவே ஒரே செல்லுல மோதிட்டா ரெண்டு வேல்யூவையும் பக்கத்துல காட்டி யூசரையே எடுக்க சொல்லுங்க, அவர் அடிச்சதை தூக்கி போட்டுட்டு "ரெஃப்ரெஷ் பண்ணவும்"னு மட்டும் எழுதிடாதீங்க.

கேள்வி: டான்ஸ்டாக் டேபிள்ல செல்லுக்குள்ள இன்புட் வச்சேன். ஒரு எழுத்து அடிச்சா ஃபோகஸ் போயிடுது, திரும்ப க்ளிக் பண்ணி அடுத்த எழுத்து. ஒரு பேர் அடிக்க பதினைஞ்சு க்ளிக்.

பதில்: காலம் டெஃபினிஷனை காம்போனென்ட்டுக்குள்ள எழுதியிருக்கீங்க. ஒவ்வொரு எழுத்துக்கும் மேல இருக்கற ஸ்டேட் (ஆப் ஞாபகம் வச்சிருக்கற டேட்டா) மாறுது, காம்போனென்ட் திரும்ப ஓடுது, செல் ஃபங்ஷன் புதுசா பொறக்குது, ரியாக்ட் அதை வேற ஆள்னு நெனச்சு பழைய இன்புட்டை கழட்டி எறிஞ்சுட்டு புதுசை மாட்டுது, ஃபோகஸ் பழசோட போயிடுது. டெஃபினிஷனை வெளிய கொண்டு போங்க, முடியலைனா யூஸ்மெமோல (ரியாக்ட்டை பழசையே வச்சுக்க சொல்ற வசதி) வைங்க, ஆனா அந்த மெமோ டேட்டாவை சார்ந்திருந்தா திரும்ப அதே கதி. அதோட அடிக்கிற எழுத்தை செல்லோட சொந்த ஸ்டேட்ல வச்சுக்கிட்டு ப்ளர் ஆறப்ப (ஃபோகஸ் விலகுறப்ப) மட்டும் மேல அனுப்புங்க, பதினைஞ்சு ரெண்டரும் மிச்சம். எஸ்கேப் அடிச்சா பழசை திருப்பறதும் அப்போ ஒரே வரி கோடுதான், மேல இன்னும் எதுவும் போகலையே.